ஹெபடைடிஸ் சி: அம்மாவின் ரிப்போர்ட் பிள்ளையின் ஃபைலுக்கும் போக வேண்டும்

மும்பையில் பிரசவத்துக்குப் பெயர் பதியப் போனால் அன்றைக்கே ரத்தம் எடுத்துவிடுவார்கள். ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல்., ஹெபடைடிஸ் பி என்று பட்டியல் நீளும். அதில் ஹெபடைடிஸ் சி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு இடத்தில் முதல் நாளே எடுப்பார்கள். இன்னொரு இடத்தில் சிசேரியனுக்கு முந்தின நாள்தான் எடுப்பார்கள். சில இடங்களில் நாமாகக் கேட்டால்தான் உண்டு. ஊரிலிருந்து வந்து தாராவி, ஆண்டாப்ஹில், செம்பூர், மாட்டுங்கா பக்கம் புதிதாகக் குடியேறிப் பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். கூடவே ஆஸ்பத்திரிக்கு நடக்கிற கணவர், மாமியார், நாத்தனார்களும் படித்து வைத்தால் நல்லது.

டெஸ்ட் எடுப்பது பெரிய காரியமில்லை. மருந்தும் வந்துவிட்டது, சாப்பிடுகிறவர்களில் 100-க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது, அரசே இலவசமாகவும் தருகிறது. காரியம் கெடுவது வேறு இடத்தில். அம்மாவின் ஃபைலில் எழுதியது பிள்ளையின் ஃபைலுக்குப் போய்ச் சேருவதில்லை. மகப்பேறு வார்டு ஒரு பக்கம், குழந்தைகள் பிரிவு ஒரு பக்கம், கல்லீரல் டாக்டர் இன்னொரு பக்கம். நம் ஆட்களுக்கு இதற்கு மேலே ஒரு சிக்கல் உண்டு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறோம். டெஸ்ட் மும்பையில், பிரசவம் திருநெல்வேலியில், முதல் தடுப்பூசிகள் அங்கே, பிள்ளைக்கு அஞ்சாறு மாதம் ஆகும்போது மறுபடி மும்பை. பிள்ளைக்கு ரத்தம் எடுக்க வேண்டிய நாள்கள் இந்த அலைச்சலுக்குள்தான் வருகின்றன. யாரும் ஞாபகப்படுத்தாவிட்டால் அப்படியே கடந்துவிடும்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெபடைடிஸ் சி கல்லீரலைத் தாக்கும் வைரஸ். 1989-இல் அடையாளம் கண்டார்கள். அதற்கான ஆராய்ச்சிக்காக 2020-இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒருவரின் ரத்தம் இன்னொருவர் ரத்தத்தில் கலந்தால்தான் பரவும். ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, கட்டிப்பிடித்தாலோ, இருமினாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினாலோ பரவாது. தொற்று வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடும். மற்றவர்களுக்கு உள்ளேயே தங்கிவிடும். பல வருடம் எந்தத் தொந்தரவும் தெரியாது. தங்கிவிட்டவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு 20 வருடத்துக்குள் கல்லீரல் சுருங்கி சிரோசிஸ் ஆகலாம். ஆகவே "கண்ணு மஞ்சளா இல்லையே, காமாலை எங்க இருக்கு?" என்று வீட்டில் கேட்டால் அது கணக்கில்லை. கீழாநெல்லியை அரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது டாக்டரைக் கேட்காமல் எந்த நாட்டு மருந்தும் வேண்டாம்.

கேட்டு வாங்க வேண்டிய டெஸ்ட்

தாராவிக்காரர்களுக்கு முதல் வாசல் பெரும்பாலும் பக்கத்து மாநகராட்சி ஹெல்த் போஸ்ட், ஆப்லா தவாகானா, அல்லது எல்லோரும் சோட்டா சயான் என்று சொல்லும் நகர்ப்புற சுகாதார மையம். அங்கிருந்து தேவைப்பட்டால் பெரிய சயான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். லோக்மான்ய திலக் ஆஸ்பத்திரி என்று பலகையில் எழுதியிருப்பது அதுதான், குழம்ப வேண்டாம். கேஸ் பேப்பர் எடுத்து ஏ.என்.சி. ஓ.பி.டி.யில், அதாவது கர்ப்பிணிகளைப் பார்க்கும் வெளிநோயாளர் பிரிவில், உட்கார்ந்ததும், ரத்தப் பரிசோதனைச் சீட்டை டாக்டர் எழுதும்போதே கேட்டுவிடுங்கள். இந்தியில் இப்படிச் சொன்னால் போதும்: "டாக்டர், ஹெபடைடிஸ் சி கா டெஸ்ட் பி ஹோகா கியா?" (ஹெபடைடிஸ் சி டெஸ்டும் எடுப்பீர்களா?) ரத்தம் எடுத்து முடிந்தபிறகு கேட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். இன்னொரு நாள் என்றால் இன்னொரு வரிசை.

யார் கட்டாயம் கேட்க வேண்டும்? சிறுவயதில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், முக்கியமாக 2001-க்கு முன்பு. தானமாக வரும் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி பார்ப்பது இங்கே கட்டாயமானது அந்த வருடம்தான். டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள். திருவிழாவில் பச்சை குத்திக்கொண்டவர்கள். சின்னக் காய்ச்சலுக்கும் ஊசி போட்டுவிடும் போலி டாக்டரிடம் அடிக்கடி போனவர்கள். இந்தக் கடைசி ஆட்களை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நம் குடியிருப்புகளில் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்கிற நினைப்பு இன்னும் இருக்கிறது. அப்புறம் கணவருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தாலோ, அவர் எப்போதாவது ஊசி வழியாகப் போதை எடுத்தவர் என்றாலோ, கேட்டே ஆக வேண்டும்.

உண்மையில் இந்தப் பட்டியலில் சேராதவர்களும் கேட்கலாம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2020 முதல் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பார்க்கச் சொல்கிறது. ஆபத்துக் காரணம் கேட்டுப் பார்த்து எடுத்தால் தொற்று உள்ள பலர் விடுபட்டுப்போகிறார்கள். எப்போதோ போட்ட ஊசியை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

ரிப்போர்ட்டைப் படிப்பது

முதலில் வருவது ஆன்டிபாடி டெஸ்ட். வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள்தான் ஆன்டிபாடி; எச்.சி.வி. என்றால் ஹெபடைடிஸ் சி வைரஸ். ஆன்டி எச்.சி.வி. என்று எழுதி, பக்கத்தில் "நான்-ரியாக்டிவ்" என்று இருந்தால் சரி, அந்தக் கவலை முடிந்தது. "ரியாக்டிவ்" என்று இருந்தால் அந்தத் தாளோடு அழத் தொடங்க வேண்டாம். வைரஸ் எப்போதோ உடம்புக்குள் வந்து போயிருந்தாலும் ஆன்டிபாடி வாழ்நாள் முழுக்கத் தங்கும். சில சமயம் டெஸ்டே தவறாகக் காட்டும். வைரஸ் இப்போது இருக்கிறதா என்று சொல்வது இரண்டாவது டெஸ்ட், ஆர்.என்.ஏ. வாய்ப்பேச்சில் பி.சி.ஆர். என்பார்கள், வைரல் லோடு என்றும் சொல்வார்கள், எல்லாம் ஒன்றுதான்.

ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டில் "நாட் டிடெக்டட்" என்று வந்தால் இப்போது வைரஸ் இல்லை, பிள்ளைக்குக் கொடுப்பதற்கும் ஒன்றும் இல்லை. "டிடெக்டட்" என்று வந்து கீழே ஒரு பெரிய எண் இருந்தால் வைரஸ் இருக்கிறது. அந்த எண் பெரும்பாலும் லட்சத்தில் இருக்கும். பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். ஆனால் இந்த நோயில் எண் பெரிதாக இருப்பதால் மட்டும் கல்லீரல் அதிகம் கெட்டிருக்கிறது என்று அர்த்தமில்லை.

முதல் தாளோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். வெளியே தனியார் லேபில் ஆர்.என்.ஏ. எடுத்தால் சில ஆயிரம் ரூபாய் ஆகும், அதனால் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடத் தேவையில்லை. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-இல் தொடங்கியது. அதன்கீழ் இந்த டெஸ்டும் இலவசம், மருந்தும் இலவசம். சயான், கே.இ.எம்., நாயர், ஜே.ஜே. போன்ற மும்பையின் பெரிய அரசு, மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் வயிறு, கல்லீரல் பார்க்கும் காஸ்ட்ரோ பிரிவு இருக்கிறது. ஏ.என்.சி. டாக்டரிடம் அங்கே அனுப்பும்படி ரெஃபர் சீட்டு வாங்கிக்கொண்டு, இலவசத் திட்டத்தில் பதிவது எந்த ஜன்னலில் என்று கேளுங்கள். ஆதாரும் ரியாக்டிவ் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். பதிவு எண் கொடுத்தால் அதை கேஸ் பேப்பரின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

அங்கே கூடவே கல்லீரல் செயல்பாட்டு டெஸ்ட், பிளேட்லெட் எண்ணிக்கை, சோனோகிராபி பார்ப்பார்கள். எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பியும் பார்த்தாயிற்றா என்று கட்டாயம் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் பிள்ளைக்கு ஹெபடைடிஸ் சி போகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஹெபடைடிஸ் பி இருந்தால் பிறந்தவுடன் பிள்ளைக்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். ஹெபடைடிஸ் சிக்கு அப்படி ஒரு தடுப்பூசியும் இல்லை, ஊசியும் இல்லை. பி, சி என்ற ஒரே எழுத்துதான் வித்தியாசம். வரிசையில் நிற்கும்போது இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுகிறோம். வாயால் சொல்வதைவிட ரிப்போர்ட்டை நீட்டுவது நல்லது.

கர்ப்ப காலத்தில்

இப்போது மாத்திரை வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். இந்த மருந்துகளை வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவம் குறைவு. பிரசவம் வரை பொறுக்கலாம், கல்லீரல் அதற்குள் கெட்டுவிடாது. அவசரமான சிலருக்கு மட்டும் கல்லீரல் டாக்டர் தனியாக யோசிப்பார். ரிபாவிரின் என்று ஒரு மருந்து உண்டு, அது கருவை ஊனமாக்கும். கணவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் ஆபத்துதான். நிறுத்தியபிறகும் டாக்டர் சொல்லும் காலம்வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. வீட்டில் யாராவது ஹெபடைடிஸ் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் பெயரைப் படித்துப் பாருங்கள்.

உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்க முடியாமல் அரித்தால், அதிலும் ராத்திரியில் அதிகமானால், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்பத்தில் பித்தம் தேங்குகிற ஒரு நோய் ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாக வருகிறது, அது பிள்ளையையும் பாதிக்கலாம். இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் எல்லாம் டாக்டர் சொன்னபடி தொடரலாம். சாப்பாட்டில் பத்தியம் ஒன்றும் இல்லை. மீன், முட்டை, நெய் எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் கஞ்சி கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. அது நல்லது செய்வதில்லை, ரத்தசோகைதான் மிச்சம்.

ஊருக்குப் போவதற்கு முன்

இதுதான் நான் அதிகம் வலியுறுத்துகிற இடம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டதும் இந்த வேலையையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.

ஆன்டிபாடி ரிப்போர்ட், ஆர்.என்.ஏ. ரிப்போர்ட், கல்லீரல் டாக்டர் எழுதிய சீட்டு, சோனோகிராபி, தாய் சேய் அட்டை எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து இரண்டு செட் ஆக்குங்கள். ஒன்று உங்களோடு ஊருக்கு வரட்டும், இன்னொன்று மும்பை வீட்டில் கணவரிடம் இருக்கட்டும். போனில் போட்டோவும் எடுத்து வையுங்கள். ஆனால் போட்டோவை மட்டும் நம்ப முடியாது. ஆஸ்பத்திரியில் தாளைத்தான் கேட்பார்கள். ஃபைலை ரயிலில் கைப்பையில் வையுங்கள், சீட்டுக்குக் கீழே போகிற பெட்டியில் வேண்டாம்.

மும்பை டாக்டரிடம் அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள்: அம்மாவுக்கு ஆர்.என்.ஏ. பாசிட்டிவ், எந்தத் தேதி, பிள்ளைக்கு எந்த டெஸ்ட், எத்தனையாவது மாதத்தில். பிள்ளை பிறக்காமலே அதை எழுதித் தரச் சொல்கிறீர்களே என்று கேட்டால், பிரசவம் ஊரில் என்று சொல்லுங்கள். எழுதித் தருவார்கள்.

ஊருக்குப் போனதும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி எண் என்கிற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவை. பதியும்போதே செவிலியரிடம் இந்தச் சீட்டைக் காட்டி, பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று கேளுங்கள். நெல்லைக்காரர்களுக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஹெபடைடிஸ் திட்டம் மத்திய அரசுடையது என்பதால் தமிழ்நாட்டிலும் அதே இலவச டெஸ்டும் மருந்தும் உண்டு.

அம்மா வீட்டில் யாரிடம் சொல்வது? எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்றில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கூட வரப்போகிற ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். வலி எடுத்த நேரத்தில் உங்களால் ஃபைலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பிரசவமும் பாலும்

ஹெபடைடிஸ் சி மட்டும் இருப்பதற்காக சிசேரியன் தேவையில்லை. அதனால் பிள்ளைக்குத் தொற்று குறைவதாகத் தெரியவில்லை. லேபர் வார்டில் நுழையும்போதே சொல்லிவிட்டால் டாக்டர்கள் சில விஷயங்களில் கவனமாக இருப்பார்கள்: பிள்ளையின் தலைத் தோலில் ஊசி மாதிரி ஒட்டும் கருவியைத் தவிர்ப்பார்கள், பனிக்குடம் உடைந்தபிறகு ரொம்ப நேரம் விடமாட்டார்கள், பிறந்த பிள்ளையின் உடம்பில் ஒட்டியிருக்கும் ரத்தத்தைத் துடைத்துவிட்டு ஊசி போடுவார்கள். ஹெபடைடிஸ் பி முதல் டோஸ் 24 மணி நேரத்துக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுவது. உங்கள் பிள்ளைக்கும் உண்டு.

சொன்னால் ஒதுக்குவார்களோ என்ற பயம் நியாயமானதுதான். ஒரு ஆஸ்பத்திரியில் எங்கள் தெருப் பெண்ணின் கட்டிலில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கும்படி செய்ததை நானே பார்த்திருக்கிறேன். கையுறையும் சுத்தமான கருவியும் எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி வேண்டியவை; ஒருவருக்கு மட்டும் அடையாளம் ஒட்ட வேண்டிய அவசியம் இல்லை. அப்படி நடந்தால் வார்டு சிஸ்டர் இன்சார்ஜிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லி எடுக்கச் சொல்லலாம். அதற்குப் பயந்து நோயை மறைப்பதுதான் பிள்ளைக்குப் பாதகம்.

"அக்கா, பால் கொடுக்கலாமா?" என்னிடம் வருகிற முதல் கேள்வி எப்போதும் இதுதான். கொடுக்கலாம். தாய்ப்பால் வழியாக இது பரவுவதில்லை. காம்பு வெடித்து ரத்தம் வந்தால் மட்டும் அது ஆறும்வரை அந்தப் பக்கம் நிறுத்தி, பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுங்கள். மறுபக்கம் சரியாக இருந்தால் அதில் கொடுங்கள். ஆறியதும் பழையபடி கொடுக்கலாம். காம்பு வெடிப்பது பெரும்பாலும் பிள்ளை வாயில் சரியாகப் பிடிக்காததால்தான், அதை முதல் நாளே சிஸ்டரிடம் காட்டிச் சரிசெய்துகொண்டால் பாதிப் பிரச்சினை வராது. பாட்டிமார் "நோய்ப் பால்" என்று சொல்லி டப்பாப் பாலுக்கு மாற்றப் பார்ப்பார்கள். டாக்டரையே கூப்பிட்டு அவர்கள் முன்னால் சொல்ல வையுங்கள், அப்போதுதான் எடுபடும். ஒன்று மட்டும்: சயானில் 1989-இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி இருக்கிறது, ஆசியாவிலேயே முதல் வங்கி. அதற்கு நீங்கள் பால் தானம் கொடுக்க வேண்டாம். உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு அது தடையில்லை.

பிள்ளைக்கு எப்போது, எந்த டெஸ்ட்

ஆர்.என்.ஏ. பாசிட்டிவான அம்மாக்களின் பிள்ளைகளில் 100-க்கு ஐந்தாறு பேருக்குத் தொற்று போகிறது. அப்படியென்றால் 94 பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்று பார்த்தால் தெரியாது. தொற்று வந்த பிள்ளையும் கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டுதான் இருக்கும். ரத்தம் எடுத்தால்தான் தெரியும்.

பிறந்தவுடன் எடுக்கக் கூடாது. தொப்புள்கொடி ரத்தத்திலும் கூடாது; அம்மாவின் ரத்தம் கலந்திருக்கும், முடிவை நம்ப முடியாது. சி.டி.சி. 2023 நவம்பரில் சொன்ன முறை இது: பிள்ளைக்கு 2 மாதம் முதல் 6 மாதத்துக்குள் ஆர்.என்.ஏ. டெஸ்ட். "நாட் டிடெக்டட்" என்றால் தொற்று இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். அந்த நாள்களைத் தவறவிட்டால் 17 மாதம் வரைக்கும் ஆர்.என்.ஏ.தான். 18 மாதத்துக்குப் பிறகு என்றால் முதலில் ஆன்டிபாடி, அது ரியாக்டிவ் ஆனால் ஆர்.என்.ஏ. நம் ஊர் டாக்டர்கள் பலர் 18 மாத ஆன்டிபாடியைத்தான் பழக்கமாக எழுதுவார்கள். தப்பில்லை. ஆனால் அதுவரை ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும்; அதற்குள் வீடு மாறி, போன் நம்பர் மாறி, டெஸ்டே மறந்துவிடுகிறது. ஆகவே முடிந்தால் முதல் ஆறு மாதத்திலேயே கேட்டு எடுத்துவிடுங்கள் என்பேன். டாக்டர் 18 மாதத்திலும் ஒருமுறை பார்க்கலாம் என்றால் அதையும் செய்துகொள்ளுங்கள்.

ஞாபகம் வைக்க எளிய வழி, தடுப்பூசியோடு சேர்த்துவிடுவது. ஜூன் 10-இல் பிள்ளை பிறந்தது என்று வையுங்கள். ஆறாவது வார ஊசி ஜூலை 22-இல் வரும். டெஸ்டுக்கு அது சீக்கிரம். பத்தாவது வார ஊசி ஆகஸ்ட் 19, பதினாலாவது வார ஊசி செப்டம்பர் 16. இந்த இரண்டில் ஒன்றோடு பிள்ளையின் ஆர்.என்.ஏ.யை வைத்துக்கொள்ளலாம். கடைசி நாள் டிசம்பர் 10. ஊரிலேயே பதினாலாவது வாரம் வரை இருப்பீர்கள் என்றால் அங்கேயே எடுத்துவிட்டு ரயில் ஏறுங்கள். அதற்குள் மும்பை திரும்புவதாக இருந்தால் சயான் குழந்தைகள் ஓ.பி.டி.யில் இப்படிக் கேளுங்கள்: "மா கோ ஹெபடைடிஸ் சி ஹை, பச்சே கா பி.சி.ஆர். கப் கர்னா ஹை?" (அம்மாவுக்கு ஹெபடைடிஸ் சி இருக்கிறது, பிள்ளைக்கு பி.சி.ஆர். எப்போது எடுக்க வேண்டும்?) பதினெட்டு மாதத்தில் பார்ப்பதாக முடிவானால் 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் பூஸ்டர் ஊசியோடு சேர்த்துவிடலாம்.

தடுப்பூசி அட்டையிலேயே பென்சிலால் அந்தத் தேதியை எழுதி வையுங்கள். நோயின் பெயரை எழுதத் தயக்கமாக இருந்தால் "ரத்த டெஸ்ட்" என்று மட்டும் எழுதினால் போதும், அங்கன்வாடியில் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பிள்ளையின் டிஸ்சார்ஜ் சீட்டில் அம்மாவின் ஹெபடைடிஸ் சி நிலையை டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று வார்டைவிட்டு வெளியே வருமுன் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நின்று எழுதி வாங்குங்கள். குழந்தை டாக்டர் அம்மாவின் கேஸ் பேப்பரைப் பார்ப்பதில்லை, பிள்ளையின் சீட்டைத்தான் பார்ப்பார்.

அடிக்கடி நடக்கிற ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். அஞ்சு மாதப் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது, பக்கத்து லேபில் ஒரு கட்டு டெஸ்ட் எழுதுகிறார்கள், அதில் ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடியும் இருக்கிறது. ரிப்போர்ட் "ரியாக்டிவ்". வீடே அழுகிறது. அந்த ஆன்டிபாடி பிள்ளையுடையது இல்லை, அம்மாவிடமிருந்து வந்தது. 18 மாதம் வரை பிள்ளையின் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கலாம். அந்த வயதில் ஆன்டிபாடி ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆர்.என்.ஏ. எடுங்கள்.

பிள்ளைக்கு ஆர்.என்.ஏ. டிடெக்டட் என்று வந்துவிட்டால்? உடனே மருந்து கிடையாது. குழந்தைகளின் கல்லீரல் பார்க்கும் டாக்டரிடம் பதிந்து, அவர் சொல்கிற இடைவெளியில் ரத்தம் கொடுத்து, எடையும் உயரமும் பார்த்துக்கொண்டு போக வேண்டும். கணிசமான பிள்ளைகளுக்கு மூன்று வயதுக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது. ஆகாதவர்களுக்கு மூன்று வயதிலிருந்து மாத்திரை கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லிவிட்டது. அதுவரை எல்லாத் தடுப்பூசிகளும் நேரத்துக்குப் போட வேண்டும். அங்கன்வாடிக்கு அனுப்பலாம், மற்ற பிள்ளைகளோடு விளையாட விடலாம், தனித் தட்டு தனித் தம்ளர் எதுவும் தேவையில்லை.

அம்மாவின் மருந்து

பிள்ளை பிறந்ததும் எல்லாக் கண்ணும் பிள்ளைமேல் போய்விடும். அம்மாவின் ஃபைல் பரணுக்குப் போய்விடும். அதை இறக்குங்கள். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு வைரஸ் தானாகவே போய்விடுவது உண்டு, அதனால் மருந்துக்கு முன்னால் ஆர்.என்.ஏ.யை மறுபடி பார்ப்பார்கள். இருக்கிறது என்றால் மாத்திரை. பால் கொடுக்கும்போதே தொடங்குவதா, நிறுத்தியபிறகா என்பது டாக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது; பெரும்பாலும் நிறுத்தியபிறகு என்பார்கள். மருந்துக்காகப் பாலை அவசரமாக நிறுத்த வேண்டாம்.

சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு இலவசத் திட்டத்தில் தருவது சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம் ஒன்று, டக்லடாஸ்விர் 60 மில்லிகிராம் ஒன்று, தினமும், 12 வாரம். சிரோசிஸ் இருந்தால் சோஃபோஸ்புவிரோடு வெல்படாஸ்விர் தருவார்கள். முன்பு ஊசியாகப் போட்டு ஒரு வருடம் காய்ச்சலில் கிடந்த காலம் போய்விட்டது. இந்த மாத்திரைகளில் பெரும்பாலோருக்குத் தலைவலி, கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான். மருந்து சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்லுங்கள். முக்கியமாக டி.பி. மாத்திரை. தாராவியில் டி.பி. யார் வீட்டில் இல்லை? அதிலுள்ள ரிஃபாம்பிசின், ஹெபடைடிஸ் மருந்தை வேலை செய்யவிடாது, டி.பி.யை முதலில் முடித்துவிட்டு அப்புறம் இதைத் தொடங்குவார்கள். வலிப்பு மாத்திரைகள் சிலவும் அப்படித்தான். வெல்படாஸ்விர் சாப்பிடுகிறவர்கள் காஸ் மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் போட வேண்டாம். ஹெபடைடிஸ் பியும் இருக்கிறதென்றால் இந்த மருந்தால் அது தலைதூக்கலாம், அதனால்தான் முதலிலேயே பார்க்கிறார்கள்.

மருந்து முடிந்த நாள் குணமான நாள் இல்லை. முடிந்து இன்னொரு 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. எடுத்து, "நாட் டிடெக்டட்" என்று வந்தால்தான் குணம். அந்த டெஸ்டுக்குத்தான் ஆட்கள் வருவதில்லை, உடம்பு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். நடுவில் ஊர்த் திருவிழா, கல்யாணம் என்று கிளம்புவதாக இருந்தால் மாத்திரை தீரும் தேதியைப் பார்த்து முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் மற்றவர்கள்

கணவருக்கு டெஸ்ட் எடுக்க வேண்டும். மூத்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும், கட்டாயம். இரண்டாவது கர்ப்பத்தில்தான் உங்களுக்குத் தெரிய வந்தது என்றால், முதல் பிள்ளை பிறக்கும்போதும் வைரஸ் இருந்திருக்கலாம் அல்லவா? பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, நன்றாக இருக்கிறான் என்று விடக்கூடாது. அந்த வயதில் ஒரு ஆன்டிபாடி டெஸ்ட் போதும், ரியாக்டிவ் என்றால் மட்டும் அடுத்தது.

ரேஸர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி ஆகியவற்றைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காயத்தை மூடி வையுங்கள். குலதெய்வம் கோயிலில் பிள்ளைக்கு மொட்டையும் காதுகுத்தும் வைக்கும்போது, புது பிளேடைக் கண்முன்னால் உறை பிரித்து எடுக்கச் சொல்லுங்கள், காது குத்தும் ஊசியும் புதிதாக இருக்கட்டும். இது உங்கள் பிள்ளைக்காக மட்டும் சொல்லவில்லை, அன்றைக்கு வரிசையில் உட்காரும் எல்லாப் பிள்ளைகளுக்கும்தான். கூச்சமாக இருந்தால் மாமாவைக் கேட்கச் சொல்லுங்கள். மடியில் வைத்திருப்பவர் அவர்தானே.

குணமானபிறகு அடுத்த கர்ப்பம் வந்தால் ஒன்றை எதிர்பாருங்கள். ஆன்டிபாடி மறுபடியும் ரியாக்டிவ் என்றுதான் வரும், இனி எப்போதுமே அப்படித்தான் வரும். புது டாக்டர் பழைய கதையை முதலிலிருந்து தொடங்குவார். அப்போது மருந்து முடித்து 12 வாரம் கழித்து எடுத்த அந்த "நாட் டிடெக்டட்" ரிப்போர்ட்டைக் காட்டி, ஆர்.என்.ஏ.யை மட்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை குணமானவருக்கும் திரும்பத் தொற்றலாம் என்பதால் அதைப் பார்ப்பது நியாயம்தான். லேப் தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்து, ஒரு பிரதியை ஊரில் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.